பாக்கி

புழல் வாசலில் கொடுத்த பிளாஸ்டிக் பையில்
உள்ளே போனபோது போட்டிருந்த சட்டை.
இருபது வயதுச் சட்டை.
தோளில் இறுக்கியது.
வேறு இல்லாததால் அதையே போட்டுக்கொண்டு
பஸ் ஏறினேன்.

வேலை கேட்டுப் போன இடங்களை
முதலில் எண்ணிக்கொண்டிருந்தேன், அப்புறம் விட்டுவிட்டேன்.
வீட்டுக்கு வீடு சாப்பாடு கொண்டுபோகும் கம்பெனியில்
ஆதார் நம்பர் போட்டதும்
போனில் ஒரு வட்டம் சுற்றியது.
மூன்றாம் நாள் வந்த பதிலில்
வருந்துகிறோம், மன்னிக்கவும் என்றிருந்தது.
என்னிடம் யாரும் மன்னிப்பு கேட்டது
அதுதான் முதல் தடவை.

காசிமேட்டு ஐஸ் கம்பெனியில்
"தூக்குவியா?" என்று மட்டும் கேட்டார் கஜபதி மேஸ்திரி.
தூக்கிக் காட்டினேன்.
ராத்திரி இரண்டு மணிக்குப் போய்
பார் பாராகக் கொக்கி போட்டு இழுத்து
மெஷின் வாயில் தள்ளணும்.
அது அரைக்கிற சத்தத்தில்
யாரும் யாரையும் எதுவும் கேட்க முடியாது.
எனக்கு அந்தச் சத்தம் பிடித்திருந்தது.

திங்கட்கிழமை பத்து மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்து.
நூத்திப்பத்தில் எழுதிக்கொடுத்த ஒரு வருஷம்.
ஐஸில் கிடந்த விரலுக்குப் பேனா பிடிபடாது.
'தே' ஒரு பக்கம், 'சப்பன்' ஒரு பக்கம்.
ரைட்டர் போன வாரத்துப் பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பார்.
"இது நீதானாடா?"
அதைத்தான் சார் நானும் பார்த்துக்கிட்டிருக்கேன்
என்று சொல்லவில்லை.
எதிர்க்கடையில் டீ வாங்கி
குடிக்காமல் பிடித்துக்கொண்டு நிற்கப் பழகினேன்.
விரல் சிவந்ததும் உள்ளே போவேன்.

தடைக்காலத்தில் படகு போகவில்லை, மெஷினும் ஓடவில்லை.
சாப்பாட்டுக்குத்தான் திண்டாட்டம்.
கையெழுத்து அழகாக, நேராக வந்தது.
ரைட்டர் அதையும் ஒரு மாதிரி பார்த்தார்.

தெரசம்மா வந்தது அதற்கப்புறம்,
படகெல்லாம் திரும்பிய முதல் வாரம்.
சங்கரா ஒரு கூடை, கொஞ்சம் நெத்திலி.
குல்லாவைப் புருவம்வரை இழுத்துக்கொண்டேன்.
"நல்லா போடுப்பா, வண்ணாரப்பேட்டை போறதுக்குள்ள
தண்ணியாப் பூடும்."
'ப்பா' என்றாள்.
கோர்ட்டில் மூன்று வாய்தா
எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவள்.
அன்னைக்கு என்ன தகராறு என்று கேட்டால்
இப்போது எனக்குக் கோர்வையாகச் சொல்ல வராது.
டாக்டர் சொன்னது மட்டும் ஞாபகம் இருக்கிறது.
பிரிட்டோவின் வலதுகை விரல்கள் இனி மடங்காது.

நாற்பது நாள் போட்டேன்.
ஒவ்வொரு நாளும் ஒரு மண்வெட்டி அதிகம்.
மேஸ்திரி பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார்.

ஒரு விடிகாலை பாத்திரத்தோடு அவனே வந்தான்.
இடதுகையால் பிடித்து
வலது மணிக்கட்டை அடியில் கொடுத்து
பாத்திரத்தை நீட்டினான்.
குல்லா கொடியில் காய்ந்துகொண்டிருந்தது.
பார்த்தான்.
வாய் அசைந்தது.
மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

சுவிட்சு கைக்கெட்டும் தூரம்தான்.
ஓடட்டும் என்று விட்டிருக்கலாம்.
அணைத்தேன்.
"என்ன சொன்ன?"
துறைமுகம் பக்கம் ஒரு லாரி ரிவர்ஸ் எடுக்கும் சத்தம்.
வரிசையில் பின்னால் யாரோ என்னைத் திட்டினார்கள்.
"கரையுது," என்றான். "தூக்கி வுடு."
தூக்கி அவன் தலையில் வைத்தேன்.
சும்மாட்டில் சரியாக உட்காரும்வரை
பாத்திரத்தின் விளிம்பை இரண்டு பேரும் பிடித்திருந்தோம்.
ஐஸ் தண்ணி என் முழங்கையில் வழிந்தது.
போய்விட்டான்.

மறுநாள் தெரசம்மா வரவில்லை.
அதற்கு மறுநாள் வந்தாள்.
'ப்பா' இல்லை.
பாத்திரத்தைக் கீழே வைத்தாள், நிரப்பினேன்.
நூறு ரூபாய்த் தாளை என் கையில் கொடுக்காமல்
ஈரப் பலகைமேல் வைத்தாள்.
மீதி இருபதை நான் எடுப்பதற்குள்
நடந்துவிட்டாள்.
நாளைக்கு வாங்கிக்கிறேன் என்றும் சொல்லவில்லை,
வச்சிக்கோ என்றும் சொல்லவில்லை.

அந்த இருபது
இறுக்கிப் பிடிக்கிற இந்தச் சட்டையின் பையில்
தனியாக மடித்து வைத்திருக்கிறது.
நேற்று டீக்குக் காசில்லை.
சில்லென்ற கையோடே போய்
கையெழுத்துப் போட்டேன்.